கூரை யாருக்கு? வெளிச்சம் யாருக்கு?

(கொல்லிமலை செம்மேட்டில், மலைவாழ் விவசாயத் தொழிலாளர்களும் அடிவாரத்திலிருந்து வந்த ஆலைத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்திருக்கும் ஆலைத் தொழிலாளத் தோழர்களுக்கும், மிளகுக் கொடியையும் மரவள்ளிக் காட்டையும் விட்டு வந்திருக்கும் மலைவாழ் தோழர்களுக்கும் நமது வணக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம், கூரைமேல் சூரிய மின்சாரம். ‘கூரையே ஒழுகுகிறது, அதன்மேல் மின்சாரமா?’ என்று சிலர் சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தான். சிந்திக்கவும் வேண்டிய விஷயம்.

மத்திய சர்க்கார் 2024 பிப்ரவரியில் ஒரு திட்டம் அறிவித்தது. ஒரு கோடி வீடுகளுக்குக் கூரைச் சோலார். ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய் மானியம். மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. ஆக, ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் 78,000 ரூபாய். மீதியைக் கையிலிருந்து போட வேண்டும், அல்லது பாங்கியில் கடன் வாங்க வேண்டும்.

அதே மாதம் அனுமதி விதிகளையும் தளர்த்தினார்கள். 10 கிலோவாட் வரை யார் விண்ணப்பித்தாலும், ‘இந்த லைன் தாங்குமா’ என்று ஆய்வு செய்யக் காத்திருக்க வேண்டியதில்லை. விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும். அதற்கு மேற்பட்டால் 15 நாளில் ஆய்வு முடிய வேண்டும். ஆபீஸ் ஆபீஸாக அலைவது குறைந்தால் நல்லதுதான். இதை நாம் குறை சொல்லவில்லை.

ஆனால் கேள்வி இதுதான்: இந்த அனுமதி யாருக்குக் கிடைக்கிறது?

சொந்த வீடு இருப்பவருக்கு. தகடு தாங்கும் கூரை இருப்பவருக்கு. தன் பெயரில் மின் இணைப்பு இருப்பவருக்கு. கடன் கொடுக்கப் பாங்கி நம்புகிறவருக்கு. அடிவாரத்தில் ஆலைக் கூரைகளைப் பாருங்கள், சோலார் தகடுகள் வரிசையாக மின்னுகின்றன. முதலாளிக்குக் கட்டிடம் இருக்கிறது, என்ஜினீயர் இருக்கிறார். கட்டணத் தகராறு வந்தால் ஒழுங்குமுறை ஆணையத்தில் வாதாட வக்கீலும் இருக்கிறார். அந்த ஆலையில் வேலை செய்து, வாடகை வீட்டில் குடியிருக்கும் தொழிலாளிக்கு? கூரை அவனுடையதல்ல! மலையில் ஓட்டு வீட்டிலும் தகர வீட்டிலும் இருக்கும் கூலிக்காரருக்கு? கூரை சொந்தம், ஆனால் தகடு தாங்காது, பல இடங்களில் பட்டாவும் இல்லை. ஆக, மின்சார இலாகா கதவைத் திறந்துவிட்டது. ரெவின்யூ இலாகாவின் கதவும் பாங்கியின் கதவும் மூடியே கிடக்கின்றன.

இன்னொரு கணக்கும் பாருங்கள். ஒரு கிலோவாட் தகடு நல்ல வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் நான்கு யூனிட் தரும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு மின்சாரம் இலவசம். மூன்று விளக்கும் ஒரு மின்விசிறியும் உள்ள வீட்டுக்குப் பில்லே வராது. பில் வராத வீட்டில் சோலார் போட்டு எதை மிச்சப்படுத்துவது? குளிர்சாதனம் ஓடும் வீட்டுக்குத்தான் 78,000 ரூபாய் மானியத்தின் முழு லாபமும்.

‘அப்படியானால் மலைக்குச் சோலார் வேண்டாமா?’ என்று கேட்பீர்கள். வேண்டும், தோழர்களே! ஆனால் நமக்கு வேண்டியது வேறு மாதிரி. இங்கே காற்றடித்து மரம் சாய்ந்தால் கம்பி அறுகிறது; ஊர் இருட்டாகிறது. மானியத் திட்டத்தில் போடும் சாதாரணத் தகடு, லைனில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஆபத்து வரக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. நியாயமான ஏற்பாடுதான். ஆகவே, பாட்டரியும் அதற்கேற்ற இன்வர்ட்டரும் சேர்ந்தால்தான் இருட்டில் விளக்கு எரியும். இதைச் சொல்லாமல் விற்க வருகிற ஏஜெண்டை நம்பாதீர்கள்.

கூரையின் பலத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் நூறு சதுர அடி இடம் வேண்டும். கான்கிரீட் தளத்துக்குத் தகட்டின் எடை பெரிய பாரமல்ல; காற்று அடியில் புகுந்து தூக்குவதுதான் அபாயம். இதற்கென்றே இந்தியத் தரநிலை 875, மூன்றாம் பகுதி இருக்கிறது. மேட்டிலும் மலைச் சரிவிலும் காற்றின் வேகம் கூடும் என்பதையும் அது கணக்கில் எடுக்கிறது. சமவெளிக்குச் செய்த ஸ்டாண்டை அப்படியே மலையில் நிறுத்தக்கூடாது. தளத்தில் கண்டபடி ஓட்டை போட்டால் அடுத்த மழையில் ஒழுகும். இடி விழும் இடம் இது. எர்த் கம்பி சரியாக இருக்கிறதா என்று நின்று பார்க்க வேண்டும். ஓட்டின் மேலும் ஆஸ்பெஸ்டாஸ் மேலும் ஏற்றவே கூடாது.

ஏழைக்குச் சர்க்கார் கூரையும் கட்டி விளக்கும் தர முடியுமா? முடியும் என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. 2011-ல் தமிழ்நாடு சர்க்கார் சூரிய சக்தி பசுமை வீடு திட்டம் கொண்டுவந்தது: 300 சதுர அடி வீடு, ஐந்து சோலார் விளக்கு, ஆண்டுக்கு 60,000 வீடு. அதிலும் மனை பட்டா இருப்பவருக்கே வீடு. பட்டா இல்லாதவர் அன்றும் வெளியே நின்றார், இன்றும் வெளியே நிற்கிறார். பாட்டரி செத்ததும் விளக்கும் செத்த ஊர்களை நாம் பார்த்திருக்கிறோம். பொருளைக் கொடுத்தார்கள், பராமரிக்க ஆள் வைக்கவில்லை. புதிய திட்டத்தில் ஐந்து வருஷம் பராமரிப்பது போட்டுக் கொடுத்த கம்பெனியின் பொறுப்பு. ஒரு பியூஸ் போனால் கம்பெனிக்காரன் எழுபது வளைவு ஏறி வருவானா? நாம் கேட்காமல் வரமாட்டான்.

வழி இல்லாமல் இல்லை. மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி, 2006-ல் பாங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலையைத் தனதாக்கிக் கொண்டது. அங்கே மின்சாரத்துக்கு உடைமையாளர் தனி முதலாளி அல்ல, ஊர்! ஆந்திராவில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் வீடுகளுக்கு 2 கிலோவாட் வரை இலவசமாக அமைத்துத் தரத் திட்டம் அறிவித்திருக்கிறார்கள். அங்கே ஆகுமானால் இங்கே ஏன் ஆகாது?

சட்டமும் நம் கையில் இருக்கிறது. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டு நிலத்தில் குடியிருக்கவும் பயிர் செய்யவும் உரிமை தருகிறது. அதன் 3(2) பிரிவில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, மின்கம்பி ஆகியவற்றுடன் மரபுசாரா எரிசக்தியும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. கிராம சபை சிபாரிசு செய்தால் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை இதற்கு ஒதுக்கலாம். ‘காடு, அனுமதி இல்லை’ என்று ஒரே வார்த்தையில் எவரும் நம்மைத் திருப்பி அனுப்ப முடியாது.

ஆகவே நமது கோரிக்கைகள் நான்கு:

ஒன்று: குடியிருக்கும் மனைக்குப் பட்டா, வன நிலமானால் வன உரிமைப் பத்திரம். தாமதம் கூடாது.

இரண்டு: பள்ளிக்கூடம், துணைச் சுகாதார நிலையம், அங்கன்வாடி, ரேஷன் கடை ஆகிய பொதுக் கட்டிடங்களின் மேல் பாட்டரியோடு சோலார். கான்கிரீட் கூரை அங்கே ஏற்கெனவே இருக்கிறது. இருட்டில் பிரசவத்துக்கு வரும் தாய்க்கு வெளிச்சம் முதலில் வரட்டும்.

மூன்று: ஏழைகளுக்குக் கட்டும் எல்லா வீட்டுக்கும் தகடு தாங்கும் தளம்; தகட்டின் செலவு முழுவதும் சர்க்காருடையது. கடன் நம் தலையில் வேண்டாம்.

நான்கு: நம் பிள்ளைகளுக்கே பயிற்சியும் பராமரிப்பு வேலையும், முறையான சம்பளத்தோடு.

2024 அக்டோபர் 2-ந்தேதி பழங்குடிக் கிராமங்களுக்கென்று ஒரு பெரிய திட்டத்தை மத்திய சர்க்கார் தொடங்கியது. மின்சாரம் எட்டாத வீடுகளுக்கும் பொது நிலையங்களுக்கும் சோலார் தருவதும் அதில் சேர்ந்திருக்கிறது. நம் ஊர்களில் எந்த ஊர் பட்டியலில் இருக்கிறது? எந்தக் கட்டிடத்துக்கு வரப்போகிறது? அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள். தீர்மானத்தைப் புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள். நகல் வாங்காமல் எழுந்து வராதீர்கள். தாசில்தாருக்குக் கொடுக்கும் மகஜரில் அந்த நகலையும் சேருங்கள். ஆலைத் தொழிலாளத் தோழர்களே, உங்கள் கையெழுத்தும் அதில் இருக்கட்டும். வாடகை வீட்டுக்காரருக்கும் பொதுக் கூரையிலிருந்து பங்கு வேண்டும் என்பது உங்கள் கோரிக்கை; அதில் மலைத் தோழர்களும் கையெழுத்திடுவார்கள்.

வெயிலுக்குப் பட்டா எவனிடமும் இல்லை, தோழர்களே. அது எல்லோர் தலையிலும் காய்கிறது. அதன் பலனும் எல்லோர் வீட்டிலும் எரிய வேண்டும்!