காவல் யாருக்கு?

(பொதுக்கூட்டம் ஒன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்)



நாம் விரும்புகிற புதிய சமுதாயத்தில் போலீஸ் இருக்குமா, இருந்தால் எப்படி இருக்கும் என்று பல தோழர்கள் கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்லுமுன் நாம் ஒன்று கேட்கிறோம். ஒரு தெருவில் தீயணைக்கும் வண்டி வந்தால் ஜனங்கள் அதை நோக்கி ஓடி வருகிறார்கள். அதே தெருவில் போலீஸ் வண்டி வந்தால், யாதொரு குற்றமும் செய்யாதவன்கூட உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுகிறான். இரண்டும் சர்க்கார் வண்டிதான். இரண்டுக்கும் நம்முடைய வரிப்பணம்தான். அப்படியிருக்க, ஒன்றைக் கண்டால் தைரியமும் மற்றொன்றைக் கண்டால் நடுக்கமும் ஏன் உண்டாக வேண்டும்?

இந்த நடுக்கம் பிறவியில் வந்ததல்ல. இதற்குச் சரித்திரம் உண்டு. கம்பெனி ஆட்சியில் சென்னை மாகாணத்தில் வரி வசூல் செய்கிற சிப்பந்தியே போலீஸ் வேலையும் பார்த்தான். வரி கட்ட முடியாத குடியானவனின் விரல்களைக் கிட்டியில் வைத்து நெருக்குவார்கள். உடம்பைக் குனியக் கட்டி வெயிலில் நிறுத்துவார்கள். கூச்சல் பார்லிமெண்டு வரை எட்டிய பிறகு ஒரு கமிஷன் போட்டார்கள். சித்திரவதை நடப்பது உண்மையே என்று 1855-ல் அந்தக் கமிஷனே ஒப்புக்கொண்டது. பிறகு 1859-ல் சென்னைக்கும், 1861-ல் இந்தியா பூராவுக்கும் போலீஸ் சட்டங்கள் வந்தன.

எந்த மாதிரிப் போலீஸ் வந்தது என்பதைக் கவனியுங்கள். லண்டனில் ராபர்ட் பீல் 1829-ல் ஏற்படுத்திய போலீஸ்காரன் பட்டாளத்தானைப் போல் தோன்றக்கூடாதென்று அவனுக்கு நீல உடுப்புக் கொடுத்தார்கள். சாதாரணக் காவலுக்குத் துப்பாக்கி கொடுக்கவில்லை. 1857 கலகத்தைக் கண்டு பயந்துபோயிருந்த வெள்ளைக்காரன் நமக்கு அந்த மாதிரியைக் கொடுப்பானா? தான் அடக்கி வைத்திருந்த அயர்லாந்தில் எந்த ஆயுதப் போலீஸை வைத்திருந்தானோ, அந்த மாதிரியைத்தான் நமக்குக் கொடுத்தான். லண்டன்காரனுக்குக் காவல், நமக்கோ கண்காணிப்பு.

இப்படி ஏற்படுத்திய போலீஸை ஏற்படுத்தியவனாவது நம்பினானா? 1872-ல் சாட்சியச் சட்டம் செய்தபோது, போலீஸ் அதிகாரியிடம் ஒருவன் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொன்னால் அதை அவனுக்கு விரோதமாக ருசுப்படுத்தக்கூடாது என்று எழுதி வைத்தான். இப்போதிருக்கும் புதுச் சட்டத்திலும் அந்த விதி இருக்கிறது. நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகச் சட்டமே நம்பாத வாக்கை வாங்குவதற்காக இன்னும் லத்தி சுழலுகிறதென்றால், இதைவிட அறிவீனம் வேறு என்ன?

தோழர்களே! அடியைவிடக் கொடியது ஒன்று உண்டு. அதுதான் பிறவியிலேயே குற்றவாளி என்று ஜனங்களுக்குப் பட்டங் கட்டியது. 1871-ல் குற்றப்பரம்பரைச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். அதற்குச் சொல்லப்பட்ட நியாயம் என்ன தெரியுமா? இந்நாட்டில் தச்சன் மகன் தச்சனாகிறான், நெசவாளி மகன் நெசவாளியாகிறான். அதுபோலவே திருடன் மகன் திருடனாகத்தான் ஆவான் என்பதே. வெள்ளைக்காரன் இந்தப் பாடத்தை எங்கே படித்தான்? நம்முடைய வர்ணாசிரமத்தில்தான் படித்தான்! பிறவியிலேயே ஒருவன் பிராமணன் என்பதை ஒப்புக்கொண்ட நாட்டில், பிறவியிலேயே ஒருவன் திருடன் என்பதை யார் மறுப்பார்கள்?

இந்தச் சட்டம் 1911-ல் திருத்தப்பட்டு நம் மாகாணத்துக்கும் வந்தது. பிரமலைக் கள்ளரும் குறவரும் இன்னும் பலரும் இதில் சிக்கினார்கள். ஒருவன் திருடியிருக்க வேண்டியதில்லை. அந்த ஜாதியில் பிறந்திருந்தாலே போதும். கைரேகை கொடுக்க வேண்டும். வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். இரவில் போலீஸ் பார்வையில் படுக்க வேண்டும். கட்டிய பெண்டாட்டி பிள்ளைகளோடு தன் வீட்டில் தூங்குவதற்கு அனுமதி கேட்க வேண்டியவனுக்கு மானம் எங்கே மிஞ்சும்?

உசிலம்பட்டிப் பக்கத்திலுள்ள பெருங்காமநல்லூர் மக்கள் கைரேகை கொடுக்க முடியாதென்று மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3-ந் தேதி போலீஸ் அவர்களைச் சுட்டது. பதினாறு பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். கட்டைவிரலை மையில் தோய்க்க மறுத்ததற்குக் கூலி உயிர்! அந்தச் சட்டம் நம் மாகாணத்தில் 1947-லும், நாடு முழுவதும் 1952-லும் எடுக்கப்பட்டது. சட்டம் ஒழிந்தது; அந்தப் புத்தி ஒழிந்ததா? இன்றும் ஓர் ஊரில் நகை காணாமற்போனால் சந்தேகம் முதலில் எந்தத் தெருவுக்குப் போகிறது, எந்த வீட்டுப் பையனைப் பிடித்து உட்கார வைக்கிறார்கள் என்பதை நீங்களே அறிவீர்கள்.

"அடி இல்லாவிட்டால் திருட்டுப் பெருகாதா?" என்பார்கள். அடியால் திருட்டு ஒழிவதானால் 1855-க்கு முன்பே அது ஒழிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் இருநூறுக்கு மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்கு இருந்தது. ஜேப்படித் திருட்டுக்குக்கூட 1808 வரை தூக்குத்தான். தூக்கு வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்திலேயே ஜேப்படித் திருடர் தொழில் நடத்தினார்கள். "நரக பயம் வேண்டும்" என்கிறவர்களுக்கு நாம் சொல்லுவது, அவர்கள் கோவில் உண்டியலின் பூட்டைப் போய்ப் பார்க்கட்டும் என்பதே.

அடி யாரைத் தடுக்கிறது என்று தெரியாது; யாரைக் கொல்லுகிறது என்று தெரியும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லிக் கொண்டுபோகப்பட்ட தகப்பனும் மகனும் போலீஸ் நிலையத்தில் அடிபட்டு அடுத்தடுத்து மாண்டார்கள். பிடிபட்டவனின் உறவினருக்கு அறிவிக்க வேண்டும், டாக்டர் பார்க்க வேண்டும் என்றெல்லாம் உச்ச நீதிமன்றம் 1996-லேயே உத்தரவு போட்டிருந்தது. காகிதத்தில் உத்தரவு இருந்தது. லத்தி பிடித்த கைக்கு அது எட்டவில்லை.

அப்படியானால் நாம் விரும்பும் காவல் எது? முதலாவது, காவல்காரன் யாரைக் காக்கிறானோ அவர்களுக்கே பதில் சொல்ல வேண்டியவனாக இருக்க வேண்டும். போலீஸ் மீது வரும் புகாரைப் போலீஸே விசாரிப்பது, பாலுக்குப் பூனையைக் காவல் வைத்ததற்கு ஒப்பாகும். இதற்குத் தனிச் சபை வேண்டுமென்றும், துப்பு விசாரிக்கிறவர்களையும் கூட்டம் அடக்குகிறவர்களையும் பிரிக்க வேண்டுமென்றும் 2006-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இரண்டாவது, துப்பு அறிவைக் கொண்டு துலங்க வேண்டும். ரத்தத் துளியும் விரல் ரேகையும் சொல்லுகிற உண்மையை அடிபட்டவன் வாய் சொல்லாது. அன்று ஒரு ஜாதியை அவமானப்படுத்திய அதே கைரேகை, நியாயமாக உபயோகித்தால் நிரபராதியை விடுவிக்கும். மூன்றாவது, குடிகாரனுக்கும் புத்தி கலங்கியவனுக்கும் வேண்டியது வைத்தியர். வேலையில்லாதவனுக்கு வேண்டியது வேலை. இவர்களையெல்லாம் போலீஸ் தலையில் கட்டிவிட்டுப் போலீஸ் போதவில்லை என்று சொல்லுவது யோக்கியமல்ல.

போலீஸ்காரனும் நம்மவன்தான். காக்கி உடுப்புக்குள் இருப்பவன் ஏழை வீட்டுப் பிள்ளை. ஓய்வில்லாமல் நிற்க வைத்து, அதிகாரி வீட்டு எடுபிடிக்கும் அனுப்பி, அவனுடைய மானத்தைப் பறித்துவிட்டால், அவன் மற்றவன் மானத்தை மதிப்பான் என்று எதிர்பார்ப்பது எப்படி?

ஆகவே தோழர்களே! செய்கையைப் பார்த்துப் பிறவியைப் பாராத சட்டமும், ஜனங்களுக்குக் கணக்குக் கொடுக்கிற காவலும் ஏற்பட வேண்டும். ஓர் ஏழைப் பெண் நடுராத்திரியில் துணையில்லாமல் போலீஸ் நிலையத்துக்குள் நுழைந்து, உட்கார்ந்து, தன் குறையைச் சொல்லிவிட்டு மானத்தோடு வீடு திரும்ப முடிகிற நாளே இந்நாட்டில் பாதுகாப்பு ஏற்பட்ட நாள். அது தானாக வராது. உங்கள் ஊரில் ஒருவனை அவன் பிறந்த ஜாதிக்காகச் சந்தேகிக்கும்போது "இவன் செய்ததற்கு ருசு என்ன?" என்று முதலில் நீங்கள் கேளுங்கள். அந்தக் கேள்வி கேட்கிற ஊரில் லத்திக்கு வேலை குறையும் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.