கவிதையைக் காதுக்குக் கொடுங்கள்

இன்று பட்டம் பெறும் ஆங்கில இலக்கிய மாணவ மாணவியரே,

உங்களில் பலர் பி.எட். சேரப் போகிறீர்கள். சிலர் வரும் ஜூன் மாதமே ஏதாவது ஒரு பள்ளியில் ஆங்கில வகுப்புக்குள் நுழைவீர்கள். அதனால் வகுப்பறையில் கவிதை என்ற ஒன்றைப் பற்றி மட்டும் பேச அனுமதி கேட்கிறேன்.

நம் பள்ளிகளில் ஆங்கிலக் கவிதை படும் பாடு உங்களுக்குத் தெரியும். ஆசிரியர் ஒருமுறை வாசிப்பார், வரிக்கு வரி தமிழில் பொருள் சொல்வார். அடுத்தது ரைம் ஸ்கீம் என்ன, உவமை எது, உருவகம் எது என்ற கேள்விகள். மனப்பாடப் பாடலை நிறுத்தற்குறி பிசகாமல் எழுதினால் மதிப்பெண். ஒரு கவிதையைக்கூடப் பிறர் கேட்க வாய்விட்டுச் சொல்லாமலே பத்தாம் வகுப்பை முடித்துவிடும் பிள்ளைகள் ஏராளம். ஆண்டு விழாவில் ஒப்புவித்தல் போட்டி வைக்கிறோம். மூன்று பேருக்குப் பரிசு, மற்ற எல்லோரும் கைதட்ட வேண்டியதுதான். எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

அதிலும் இந்த நன்னிலம் வட்டாரத்தில் இப்படி நடக்கலாமா? பூந்தோட்டத்துக்குப் பக்கத்தில் அம்பர் இருக்கிறது. தமிழின் மிகப் பழைய நிகண்டான திவாகரத்தைச் செய்வித்தவன் அம்பர்ச் சேந்தன். அதே ஊருக்கு 19ஆம் நூற்றாண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தலபுராணம் பாடினார். அவர் செய்யுளை வாயால் சொல்லச் சொல்ல, மாணவர்கள் ஏட்டில் எழுதிக்கொண்டு போவார்கள். அந்த மாணவர்களில் ஒருவரான உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் அந்த நாட்களை ஆசையோடு விவரிக்கிறார். நூல் முடிந்தால் அரங்கேற்றம். கோயிலிலோ மடத்திலோ ஊர் கூடும். பாட்டைப் படிப்பார்கள், பொருள் சொல்வார்கள், சபையில் இருப்பவர்கள் ஐயம் கேட்பார்கள். நாட்கணக்கில் நடக்கும். கவிதையை ஊரே கூடிக் கேட்ட இடம் இது.

கவிதைக்கென்று நாள் ஒதுக்குவது புதிதல்ல. யுனெஸ்கோ 1999இல் மார்ச் 21ஐ உலகக் கவிதை நாளாக அறிவித்தது. அமெரிக்காவில் 1996 முதல் ஏப்ரலைக் கவிதை மாதமாகக் கொண்டாடுகிறார்கள். நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் மார்ச்சும் ஏப்ரலும் நமக்குத் தேர்வு மாதங்கள். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரம் நமக்குத் தோதானது. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குக் கவிதை நாள் ஒன்றை அந்த வாரத்தில் வையுங்கள். மேடை வேண்டாம், நடுவர் வேண்டாம், பரிசும் வேண்டாம். வகுப்பில் உள்ள அத்தனை பிள்ளைகளும் ஆளுக்கு நான்கு வரியாவது சொல்ல வேண்டும்.

கூச்சப்படும் பிள்ளையை எடுத்த எடுப்பில் தனியாக நிறுத்தாதீர்கள். முதலில் வகுப்பு முழுவதும் சேர்ந்து சொல்லட்டும். அடுத்து இரண்டு பாதியாகப் பிரிந்து, வரி மாற்றி வரி. அதன் பிறகு நான்கு பேர், இரண்டு பேர். கடைசியில் தனியாக நிற்கும்போது அந்தப் பிள்ளைக்குக் கவிதை ஏற்கெனவே தன் குரலில் பழகியிருக்கும். தொடக்கத்தில் தமிழும் வரட்டும். ஆத்தாவோ அப்பாயியோ நாற்று நடும்போது பாடிய பாட்டு வீட்டில் இருந்தால், அதையும் கேட்டு வந்து சொல்லட்டும். நடவு இயந்திரம் வந்துவிட்டது, வங்காளத்திலிருந்தும் நடவாட்கள் வருகிறார்கள். அந்தப் பாட்டைக் கேட்டு வைத்துக்கொள்ள இன்னும் எத்தனை வருடம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

இதில் மொழிப் பயிற்சி எங்கே இருக்கிறது என்று தலைமையாசிரியர் கேட்கலாம். பதிலைத் தயாராக வைத்திருங்கள். ஆங்கிலச் சொல்லில் ஓர் அசை ஓங்கும், மற்றவை தணியும். தமிழில் அப்படிப்பட்ட சொல்லழுத்தம் இல்லை. அதனால் நம் பிள்ளைகள் எல்லா அசைகளையும் ஒரே எடையில் உச்சரிக்கிறார்கள். ‘ஃபோட்டோகிராஃப்’ என்ற சொல்லில் முதல் அசையில் விழும் அழுத்தம், ‘ஃபோட்டோகிராஃபர்’ என்றதும் இரண்டாம் அசைக்குப் போய்விடும். இதை இலக்கண விதியாகச் சொன்னால் பிள்ளைக்கு மறந்துவிடும். தாளம் தட்டிக் கவிதை சொன்னால் வாயே கற்றுக்கொள்ளும். வீட்டில் ஆங்கிலமே கேட்காத பிள்ளைக்கு இதைவிட மலிவான, இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

ஆனால் ஆசிரியருக்கு வாசிக்கத் தெரிய வேண்டும். இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். ஆசிரியரே கவிதையை வாய்விட்டு வாசித்து, பிறர் வாசிப்பதைக் கேட்டுப் பழகவில்லையென்றால் வகுப்பில் நடக்கும் கொண்டாட்டம் வெறும் சத்தமாகப் போய்விடும். அந்தப் பழக்கத்துக்குச் சக ஆசிரியர்களின் துணை வேண்டும்.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள வலங்கைமானில் 1869இல் பிறந்தவர் வி.எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி. கும்பகோணத்தில் படித்தார், மாயவரத்தில் பள்ளி ஆசிரியராகத் தொடங்கினார், பிறகு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானார். ஆங்கிலேயர்களே வியந்த ஆங்கிலம் அவருடையது. ஆசிரியர்கள் ஒன்றுகூடித் தங்கள் தொழிலைப் பற்றிப் பேச மெட்ராஸ் டீச்சர்ஸ் கில்டு என்ற அமைப்பை உருவாக்கியவரும் அவரே. அவ்வளவு புலமை உள்ளவருக்கும் சக ஆசிரியர்களின் கூட்டம் வேண்டியிருந்தது.

பிற்காலத்தில் ஆசிரியர் பயிற்சிக்குப் பெரிய முயற்சிகளும் நடந்தன. 1950களின் இறுதியில் சென்னை மாநிலத்தில் தொடங்கிய ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ திட்டம், தொடக்க வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர முயன்றது. முதலில் பயின்றவர்கள் அடுத்தவர்களுக்குச் சொல்லித்தர, அவர்கள் அதற்கு அடுத்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். அந்த அளவுக்குத் துணிந்தவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் மேலிருந்து கீழே இறங்கும் பயிற்சி, மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வதைப் போலத்தான். வரும் வழியெல்லாம் குறைந்துகொண்டே வரும். 1979 முதல் 1984 வரை பெங்களூர்த் திட்டம் என்ற ஆங்கிலக் கற்பித்தல் சோதனையை நடத்திய என்.எஸ். பிரபு, எல்லோருக்கும் பொருந்தும் சிறந்த முறை என்று ஒன்று இல்லை என 1990இல் ஒரு கட்டுரை எழுதினார். தான் செய்வது பலன் தரும் என்ற நம்பிக்கை ஆசிரியரிடம் உயிரோடு இருக்க வேண்டும், இயந்திரத்தனமாகக் கற்பிப்பதே நல்ல கற்பித்தலுக்கு எதிரி என்பது அவர் வாதம். நான் அதை முழுமையாக ஏற்கிறேன். அந்த நம்பிக்கையைச் சுற்றறிக்கை போட்டு உண்டாக்க முடியாது.

குறுவள மையக் கூட்டங்களுக்குப் போங்கள், பணியிடைப் பயிற்சிகளைத் தவிர்க்காதீர்கள். 1969இல் தொடங்கப்பட்ட இந்திய ஆங்கில மொழி ஆசிரியர் சங்கமான எல்டாயில் சேருங்கள். அவற்றோடு சொந்தமாக ஒரு சிறு கூட்டமும் வைத்துக்கொள்ளுங்கள். நன்னிலம், பேரளம், குடவாசல் பக்கத்தில் வேலை பார்க்கப் போகிறவர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்தால் போதும். மாதம் ஒரு சனிக்கிழமை கூடுங்கள். ஆளுக்கு ஒரு கவிதை கொண்டு வந்து வாசியுங்கள். வகுப்பில் அது எடுபட்டதா, எந்த வரியில் பிள்ளைகள் சிரித்தார்கள், எங்கே கவனம் கலைந்தது என்று மறைக்காமல் பேசுங்கள். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற பேதம் அங்கே வேண்டாம்.

முதல் கூட்டத்துக்கான நாளை இன்றே, இந்தப் பந்தலை விட்டுப் போவதற்குள் முடிவு செய்யுங்கள். வரப்போகிறவர்களின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் யாராவது ஒருவர் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.