மார்பில் இருக்கும் வண்ணப் பட்டைகள்

(நமது வளாகத்தின் குடியரசு தின விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



ராணுவ அதிகாரிகளின் இடது மார்பில் வரிசையாகச் சின்னச் சின்ன வண்ணப் பட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். பதக்கத்தை விழா நாட்களில்தான் தொங்கவிடுவார்கள். மற்ற நாட்களில் அதன் ரிப்பன் மட்டும் சீருடையில் இருக்கும்.

எல்லா ரிப்பனும் ஒன்றல்ல. 9, 20, 30 ஆண்டுகள் பணிபுரிந்தால் அதற்கென்று பதக்கம் உண்டு. சுதந்திரப் பொன்விழாவுக்காக, 1997 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்கெல்லாம் ஒரு பதக்கம் கொடுத்தார்கள். எங்கள் வங்கியில் 25 வருடம் முடித்தவர்களுக்கெல்லாம் நினைவுப் பரிசு தந்த மாதிரிதான் இது. மரியாதைக்குரியது, ஆனால் எல்லோருக்கும் பொது.

வேறு சில ரிப்பன்கள் ஒருவருடைய வேலையைத் தனியாகப் பார்த்துக் கொடுப்பவை. வீரத்துக்கான பரம்வீர் சக்கரம் நம் எல்லோருக்கும் தெரியும். அதன் ரிப்பன் வேறு கோடே இல்லாத ஊதா நிறம். அதிகம் பேசப்படாதவை விசிஷ்ட சேவா பதக்கங்கள். 1960-ல் மூன்று வகுப்புகளாகத் தொடங்கி, 1967-ல் இன்றைய பெயர்களைப் பெற்றவை. எதிரியின் முன் காட்டிய வீரத்துக்காக இவற்றைத் தருவதில்லை. பொறுப்பைச் சிறப்பாகச் செய்து முடித்ததற்காகத் தருகிறார்கள். ராணுவ மருத்துவமனையின் செவிலியர் அதிகாரியும் பெறலாம்.

அடையாளம் காண்பது சுலபம். மூன்றுக்கும் பொன்னிற ரிப்பன், அதில் கருநீலக் கோடுகள். ஒரு கோடு என்றால் பரம் விசிஷ்ட சேவா, இரண்டு என்றால் அதி விசிஷ்ட சேவா, மூன்று என்றால் விசிஷ்ட சேவா. கோடு கூடினால் விருது பெரிது என்று நினைக்காதீர்கள். இங்கே கணக்கு தலைகீழ். ஒற்றைக் கோடுதான் உச்சம்.

வீர விருதுகளுக்கு மத்திய அரசு மாதாமாதம் படி தருகிறது. பரம்வீர் சக்கரத்துக்கு 2017-ல் அது 20,000 ரூபாய் ஆனது. விசிஷ்ட சேவாவுக்கு அப்படி மாதப் படி கிடையாது.  பெயருக்குப் பின்னால் சில எழுத்துகள், மார்பில் ஒரு துண்டு ரிப்பன். 'உன் வேலையை நாடு கவனித்தது' என்று அது சொல்கிறது. நாற்பது வருடம் உழைத்தும் அந்த ஒரு வார்த்தை கேட்காதவர்கள் நம்மில் எத்தனை பேர்!

நம் வளாகத்திலும் முன்னாள் படைவீரர்கள் இருக்கிறார்கள். சிலர் மாடியில் குடியிருக்கிறார்கள், சிலர் கேட்டில் காவல் நிற்கிறார்கள். வரும் ஆகஸ்ட் 15 கொடியேற்றத்துக்கு அவர்களைப் பதக்கங்களோடு வரச் சொல்லி அழைப்போம். நீங்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். 'எத்தனை மெடல், சார்?' என்று எண்ணிக்கை கேட்காமல், 'இது எதற்காகக் கிடைத்தது?' என்று கேளுங்கள். பதில் சொல்லும்போது அவர் முகத்தைப் பாருங்கள்.