திருத்தி எழுதுதல்

(நமது சங்கத்தின் மாணவர் கூட்டத்தில் கல்லூரி மாணவி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியின் பெருமையைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசுமாறு சங்கக் காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். அப்பெருமையை என்னினும் வல்லார் பலர் இம்மேடையிற் பலகாலும் எடுத்துரைத்திருக்கின்றனர். ஆதலின் அதனை விடுத்து, ஆங்கில வகுப்பில் ஒரே கட்டுரையை நான் நான்கு முறை எழுத நேர்ந்த வரலாற்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். அதில் என் பிழையொன்றும் அடங்கியிருக்கிறது. அதனைப் பெரியோர்கள் பொறுத்தருள்வார்களாக.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழிலேயே பயின்ற நான், கல்லூரியிற் பாடங்கள் யாவும் ஆங்கிலத்தில் நடைபெறக் கண்டு திகைத்தேன். முதற் பருவத்தில் எங்கள் ஆங்கில ஆசிரியை, 'என் தந்தையாரின் தொழில்' என்னும் பொருள்பற்றி 2 பக்க அளவில் ஒரு கட்டுரை எழுதிவரப் பணித்தார். என் தந்தையார் கைத்தறி நெசவாளர் என்பதை இங்குள்ளோர் யாவரும் அறிவீர்கள். வகுப்பிலோ ஒருவரும் அறியார். என் அருகிலிருந்த மாணவியரின் தந்தையர் டாக்டரும் வக்கீலும் எஞ்சினீயருமாக இருந்தனர். நாணம் என் பேனாவைப் பற்றிக்கொண்டது. 'என் தந்தையார் ஜவுளி வியாபாரி' என்று தொடங்கினேன். அகராதியிலிருந்தும் வினாவிடைப் புத்தகங்களிலிருந்தும் நீண்ட சொற்களைப் பொறுக்கி அடுக்கி, அதனைச் சிறந்த ஆங்கிலமென நம்பிக் கொடுத்தேன்.

கட்டுரை சிவப்பு மையில் மூழ்கித் திரும்பி வந்தது. இலக்கணப் பிழைகளினும் என்னை அதிகமாய் வருத்தியவை அடியில் எழுதப்பட்டிருந்த மூன்று வினாக்களே. 'கடை எத்தெருவில் உள்ளது? காலையிற் கடை திறந்ததும் தந்தையார் முதலிற் செய்வது யாது? எந்தத் துணி மிகுதியாக விலைபோகிறது?' இவற்றுக்கு விடை சேர்த்துத் திருத்தி எழுதுக என்பது ஆணை. இல்லாத கடைக்கு எத்தெருவை எழுதுவேன்? இலக்கணத்தை மாத்திரம் செப்பனிட்டு இரண்டாம் முறை கொடுத்தேன். 'வினாக்கள் அப்படியே நிற்கின்றன' என்ற ஒரே வரியுடன் அதுவும் திரும்பிவிட்டது. தமிழ் வழியிற் படித்தவளென்று ஆசிரியை என்னை இகழ்வதாக எண்ணிச் சினங்கொண்டேன். கல்லூரிக்கே இனிப் போவதில்லை என்று தந்தையாரிடம் சொல்லிவிடத் துணிந்து வீடு வந்தேன்.

அவர் தறியில் அமர்ந்து, நெய்த துணியிலிருந்து ஊடை நூலை ஒவ்வோர் இழையாக உருவிக்கொண்டிருந்தார். பாவில் ஓரிழை அறுந்ததைக் கவனியாமல் ஒரு சாண் நெய்துவிட்டாராம்.

"ஏன் அப்பா பிரிக்கிறீர்கள்? இதை யார் பார்க்கப்போகிறார்கள்?" என்றேன்.

"யார் பார்த்தாலென்ன, பாராவிட்டாலென்ன? நான் பார்த்துவிட்டேனே, அம்மா" என்றார்.

பின்பு, "உன் கட்டுரை என்னவாயிற்று? எதைப்பற்றி எழுதச் சொன்னார்கள்?" என்று வினவினார்.

சகோதரிகளே! அவ்வினாவிற்கு என்னால் விடை கூற இயலவில்லை. கல்லூரியை விடுவதாகச் சொல்லவந்த வார்த்தையும் வாயிலேயே நின்றது.

அன்றிரவு மூன்றாம் முறை எழுதினேன். 'என் தந்தையார் தறி நெய்பவர்' என்பது முதல் வாக்கியம். பிள்ளைப்பிராயம் முதல் கண்டும் கேட்டும் வளர்ந்த பாவு, ஊடை, நாடா, அச்சு முதலியவற்றிற்கு ஆங்கிலப் பெயர் ஒன்றேனும் எனக்குத் தெரியாதென்பதை அப்போதே உணர்ந்தேன். தெரிந்த எளிய சொற்களால் எழுதிக் கொடுத்தேன். ஆசிரியை படித்துவிட்டு, "முதற் கட்டுரையைவிட இதிற் பிழைகள் அதிகம். ஆனால் இப்பொழுதுதான் திருத்துவதற்கு ஒரு பொருள் இருக்கிறது" என்றார்.

அவரே எனக்குப் பெஞ்சமின் பிராங்ளினுடைய சுயசரிதத்தைப் படிக்கக் கொடுத்தார். 1706-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரிற் பிறந்த அவர், மெழுகுவர்த்தியும் சோப்பும் காய்ச்சி விற்றவரின் மகன். பள்ளியிற் பயின்றது ஏறக்குறைய இரண்டே ஆண்டுகள். அச்சுக்கூடத்தில் வேலை பழகிய காலத்தில் 'ஸ்பெக்டேட்டர்' என்னும் பத்திரிகையின் ஒரு தொகுதி அவர் கைக்குக் கிடைத்தது. அதன் கட்டுரைகளின் கருத்தைச் சிறு குறிப்புகளாக எடுத்து, சில நாள் கழித்து மூலத்தைப் பாராமல் தம் சொற்களால் எழுதி, மூலத்தோடு ஒப்புநோக்கித் தம் பிழைகளைத் திருத்துவார். குறிப்புகளைக் கலைத்துவிட்டுச் சில வாரம் சென்றபின் மீண்டும் ஒழுங்குபடுத்தியும் பழகுவார். இவ்வாறு கற்றவர் தந்தையின் தொழிலை மறைக்கவில்லை. உலகப் புகழ் அடைந்த பின்பும் தம் மரண சாஸனத்தில் தம்மை 'அச்சுத்தொழிலாளர்' என்றே முதலிற் குறித்தார். அதைப் படித்தபோது எனக்கு உண்டான வெட்கத்தை இங்கே விரிக்க வேண்டுவதில்லை.

மூன்றாம் கட்டுரையைத் தந்தையாருக்குத் தமிழிற் படித்துக் காட்டினேன். அவர் ஒரு பிழை கண்டுபிடித்தார். பாவைத் தறியில் ஏற்றியபின் கஞ்சி போடுவதாக எழுதியிருந்தேன். "கஞ்சி போட்டுக் காய்ந்த பிறகன்றோ பாவு தறிக்கு ஏறும்!" என்று நகைத்தார். ஆசிரியை காணாத பிழை அது. அதனையும் திருத்தி, வரிசை மாறிய பகுதிகளை ஒழுங்குசெய்து, வீண் சொற்களைக் களைந்து நான்காம் முறை எழுதினேன். பத்துக்கு ஆறு மதிப்பெண் கிடைத்தது. அந்த ஆறும் என்னுடையவை.

திருத்துதல் நமக்குப் புதிதன்று. நூலுக்குரிய பத்துக் குற்றங்களை நன்னூலார் வகுத்தார். கூறியது கூறல், மிகைபடக் கூறல் ஆகிய இரண்டும் என் முதற் கட்டுரையில் நிறைந்திருந்தன. புலவர்களும் தம் நூலை அவையில் அரங்கேற்றி, அறிஞர் எழுப்பும் தடைகளுக்கு விடை கூறினர்.

இந்நாளிற் கைப்பேசியிற் கேட்ட மாத்திரத்தில் பிழையற்ற ஆங்கிலத்தில் கட்டுரை எழுதித் தரும் யந்திரங்கள் வந்துவிட்டன. ஜவுளி வியாபாரியைப்பற்றிக் கேட்டிருந்தால், என் பொய்யை அவை அழகாக எழுதித் தந்திருக்கும். அந்த மூன்று வினாக்களோ அப்போதும் விடையின்றியே நின்றிருக்கும்.

இறுதியாக இரண்டு விண்ணப்பங்கள். பெற்றோர்களே! பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்திற் சிவப்பு மையைக் கண்டால் கோபியாதீர்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆங்கிலம் அறியாத தந்தையும் திருத்தக்கூடிய பிழை ஒன்று அதில் இருக்கக்கூடும். சங்கத்தாரே! ஆண்டுதோறும் நடத்தும் கட்டுரைப் போட்டியில் முடிந்த பிரதியோடு முதற் பிரதியையும் வாங்கி, இரண்டுக்கும் இடையே பிள்ளை நடந்த தூரத்திற்குப் பரிசளியுங்கள். எங்களைப் போன்ற மாணவர்கள் இளையோரின் முதற் பிரதிகளை ஞாயிறுதோறும் இம்மண்டபத்தில் படித்துப் பார்த்து உதவச் சித்தமாயிருக்கிறோம்.

இச்சொற்பொழிவையும் நான் மூன்று முறை எழுதினேன். எஞ்சிய குற்றங்களை எடுத்துச் சொல்வோருக்கு நன்றியுடையேன்.