சிரிக்காத ஒருவர் போதும்

(நமது மக்தப் மதரஸா ஆண்டு விழாவில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் துவங்குகிறேன்.

 

பரிசுகள் வழங்கப்படும் இந்நாளில், மதிப்பெண் பட்டியலில் இடம்பெறாத ஒரு பாடத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். வகுப்பில் ஒரு பிள்ளையைப் பலர் சேர்ந்து கேலி செய்யும்போது, அருகில் இருக்கும் நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதே அப்பாடம்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சிறுவனாக ஓதிய மதரஸாவில் திக்கிப் பேசும் மாணவர் ஒருவர் இருந்தார். பாடம் ஒப்புவிக்க எழுந்தால் முதல் எழுத்திலேயே அவருடைய நாவு நின்றுவிடும். உஸ்தாத் வெளியே சென்றதும் இருவர் அவரைப் போலவே திக்கிக் காட்டுவார்கள், மற்றவர்கள் சிரிப்போம். குர்ஆனைச் சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரட்டிப்பு நற்கூலி உண்டு என்ற நபிமொழியை நாங்கள் அறிந்தே இருந்தோம். அறிந்துகொண்டே சிரித்தோம். ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறைக்குச் சென்றவர் திரும்பவில்லை. அவருடைய தந்தை மட்டும் வந்து டிரங்குப் பெட்டியை எடுத்துச் சென்றார். "என் மகனுக்கு இங்கே என்ன குறை நேர்ந்தது?" என்று அவர் உஸ்தாதிடம் கேட்டது என் காதில் விழுந்தது. விடை தெரிந்த நான் வாய் திறக்கவில்லை.

நான் அவரைப் போல் பேசிக் காட்டவில்லையே என்று வெகுகாலம் என்னைத் தேற்றிக்கொண்டேன். அது பொய்யான ஆறுதல். தீ மூட்டியவர்கள் இருவர். விறகு போட்டவர்கள் நாங்கள். சிரிப்பதற்கு ஆளில்லாவிட்டால் கேலி செய்பவனுக்குக் கடையில் சரக்கு விற்காது.

மாணவச் செல்வங்களே! நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் மெலிந்த கால்கள் உடையவர்கள். மிஸ்வாக் குச்சிக்காக அவர்கள் அராக் மரத்தில் ஏறியபோது, அந்தக் கால்களைக் கண்டு கீழே நின்ற தோழர்கள் சிரித்துவிட்டனர். எதற்காகச் சிரிக்கிறீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். காரணம் சொல்லப்பட்டதும், அக்கால்கள் மறுமையின் தராசில் உஹது மலையைவிடக் கனமானவை என்று அறிவித்தார்கள். சிரித்தவர்களும் நல்லவர்களே. நல்லவர்களும் தவறிச் சிரிப்பதுண்டு. அதை நிறுத்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. அத்துடன், கேலிக்கு ஆளானவர் எல்லோர் முன்னிலையிலும் கண்ணியப்படுத்தவும் பட்டார்.

பிள்ளைகளாலும் இது இயலும். 2007-ஆம் ஆண்டு கனடா நாட்டின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், இளஞ்சிவப்புச் சட்டை அணிந்து வந்த ஒன்பதாம் வகுப்பு மாணவனைச் சிலர் ஏளனம் செய்து மிரட்டினார்கள். அதனைக் கேள்வியுற்ற பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் இருவர் அதே நிறத்தில் 50 சட்டைகளை வாங்கிவந்து தோழர்களுக்கு வழங்கினார்கள். அவர்கள் கை ஓங்கவில்லை. அவனைத் தனியாக நிற்க விடவில்லை, அவ்வளவுதான். இன்றும் ஆண்டுதோறும் பிப்ரவரியில் அந்நாட்டுப் பள்ளிகளில் அது நினைவுகூரப்படுகிறது. அதே கனடாவில், பள்ளி மைதானங்களைக் கவனித்து 2001-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், சக மாணவர் குறுக்கிட்ட நிகழ்வுகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் சில விநாடிகளிலேயே கொடுமை நின்றுபோனது தெரியவந்தது.

எனவே மூன்று காரியங்களை மனத்தில் கொள்ளுங்கள். முதலாவது, சிரிக்காதீர்கள். இரண்டாவது, கேலிக்கு ஆளானவரின் அருகில் சென்று அமருங்கள். சோற்றுப் பாத்திரத்தை அவரோடு திறந்து உண்ணுங்கள். மூன்றாவது, அடியும் மிரட்டலும் இருந்தால் தனியாக மோதாமல் ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ சொல்லுங்கள். குழந்தைகளுக்கான 1098 என்ற உதவி எண்ணும் உண்டு. அவ்வாறு சொல்வது கோள் ஆகாது. கோள் என்பது இருவரைப் பிரிப்பதற்காகச் சொல்வது. இது ஒருவரைக் காப்பதற்காகச் சொல்வது. அநீதி செய்பவனுக்கும் உதவ வேண்டும், அவனைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. ஆகவே கேலி செய்பவனையும் பகைக்காதீர்கள், தடுத்து நிறுத்துங்கள்.

பெற்றோர்களே! பட்டப்பெயர் சூட்டி அழைப்பதைத் திருக்குர்ஆனின் 49-ஆவது அத்தியாயம் 11-ஆவது வசனம் தடுக்கிறது. ஆயினும் கறுப்பன், குட்டையன், நொண்டி என்ற சொற்கள் நம் வீட்டுத் திண்ணையிலிருந்துதானே பள்ளிக்கூடம் செல்கின்றன? பிள்ளை "இன்று பள்ளிக்குப் போகமாட்டேன்" என்று அழுதால், அதட்டுவதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள். உங்கள் பிள்ளை பிறரைக் கேலி செய்ததாகப் புகார் வந்தாலும் பொறுமையாகக் கேளுங்கள்.

அந்த மாணவரிடம் மன்னிப்புக் கேட்க அவர் எங்கிருக்கிறார் என்பதை இன்றுவரை நான் அறியேன். இத்தகைய கடன் உங்களில் எவருக்கும் வேண்டாம். உங்கள் வகுப்பில் இருப்பவர் நாளைக் காலையும் அங்கேயே இருப்பார். அவர் அருகில் சென்று ஸலாம் சொல்லுங்கள். வணக்கம் என்று சொல்பவராயின் அவ்வாறே சொல்லுங்கள். அவர் பெயரை முழுமையாகச் சொல்லி அழையுங்கள்.

பிறர் மனம் நோகாமல் வாழும் நல்வாய்ப்பை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.