பூட்டிய கதவுக்குப் பின்னால்



கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயிலேறி கே.எல். சென்ட்ரலில் இறங்கி, நடைபாதை வழியாக முசியம் நெகாரா நிலையத்துக்கு நம்மில் பலர் போயிருக்கிறோம். பிரிக்ஃபீல்ட்ஸை ஒட்டிய அந்த நிலையம் பூமிக்கு அடியில் இருக்கிறது. அங்கிருந்து மாலூரி வரை மொத்தம் 7 நிலையங்கள் நிலத்தடியில்தான். 2017 ஜூலை 17இல் இந்தப் பாதை திறக்கப்பட்டது.

இத்தகைய நிலையங்களில் சுவரோரம் பூட்டிய கதவுகள் சில தென்படும். ‘டிலாராங் மாசோக்’, அதாவது உள்ளே நுழையாதீர் என்று எழுதியிருக்கும். அவற்றுக்குப் பின்னால்தான் நிலையத்தின் உயிர் இருக்கிறது. மின்மாற்றிகள், மின்பலகைகள், பேட்டரிகள், ரயிலுக்குச் சைகை கொடுக்கும் கருவிகள், கட்டுக் கட்டாகக் கேபிள்கள். விளக்கும், அறிவிப்பும், புகையை வெளியே இழுக்கும் பெரிய விசிறிகளும் இந்த அறைகளை நம்பியே இயங்குகின்றன.

2003 பிப்ரவரி 18இல் தென் கொரியாவின் தேகு நகரச் சுரங்க ரயிலில் 192 பேர் மாண்டார்கள். அந்தத் தீ ரயில் பெட்டியில் வைக்கப்பட்டது, கருவி அறையில் அல்ல. ஆனாலும் மின்சாரம் அறுந்து, நிலையம் இருண்டு, புகை சூழ்ந்தால் நிலத்தடியில் மனிதர் கதி என்ன என்பதை அது காட்டிவிட்டது.

தீயை அணைப்பது ஒரு வேலை. பிடித்த தீயைப் பிடித்த அறையிலேயே அடைத்து வைப்பது இன்னொரு வேலை. இரண்டாவதற்குத் தண்ணீரும் வேண்டாம், மணியும் வேண்டாம். சுவரும் கூரையும் கதவும் சும்மா நின்றபடியே அதைச் செய்கின்றன.

லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். பழைய லயங்கள் பலவற்றில் வீட்டுக்கு வீடு உள்ள தடுப்பு, கூரை வரை எட்டாது. பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்தால் நம் வீடு மணக்கும். மணம் வரும் வழியில் புகையும் வரும், தீயும் வரும். சுவர் இருந்தும் இல்லாத கதைதான்.

நிலையத்துக் கருவி அறையின் சுவர் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ தீயைத் தாங்கும்படி கட்டப்படுகிறது. இதைச் சோதிக்கும் உலையின் வெப்பம் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 945 பாகை செல்சியஸை எட்டும். சுவர் உறுதிதான். ஆனால் கேபிள்கள் உள்ளே நுழைய அதில் துளை போட வேண்டியிருக்கிறதே! அந்தத் துளைதான் பலவீனம்.

அமெரிக்காவில், அலபாமா மாநிலத்து பிரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையத்தில் 1975 மார்ச் 22இல் நடந்ததைச் சொல்கிறோம். கேபிள் துளையில் காற்றுக் கசிகிறதா என்று பார்க்க ஒரு தொழிலாளி மெழுகுவர்த்தியைக் காட்டினார். காற்று சுடரை உள்ளே இழுத்தது. துளையை அடைத்திருந்த நுரைப்பஞ்சு எளிதில் எரியக் கூடியது. தீ சுவரைத் தாண்டி மறுபக்கம் போய், ஏறத்தாழ 7 மணி நேரம் எரிந்தது. 1,600க்கும் மேற்பட்ட கேபிள்கள் கெட்டன. நல்லவேளை, யாரும் இறக்கவில்லை. அதன் பிறகு அங்கே விதிகள் கடுமையாயின.

ஆகவே துளையைக் கண்டதைக் கொண்டு அடைக்கக் கூடாது. எரியாத பாறைக் கம்பளியைக் கொண்டு அடைக்க வேண்டும். அதைக் கல்நார் என்று எண்ணிவிடாதீர்கள், கல்நார் உடலுக்குக் கேடு. இது பாறையை உருக்கி நூற்ற பஞ்சு. அதனுடன் தீக்காரை பூசுவார்கள். சூடு பட்டால் பொங்கிப் பருக்கும் பசை ஒன்றும் உண்டு. கேபிளின் மேலுறை உருகிச் சந்து விழும்போது, இந்தப் பசை உப்பி அதை மூடிக்கொள்ளும். காற்றுக் குழாய்க்குள் ஒரு தகடு இருக்கிறது. சூட்டில் அதன் பிடிப்பு உருகியதும் தானே விழுந்து வழியை அடைத்துவிடும்.

தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்று குத்தகையாளரிடம் கேபிள் இழுக்கிறார்கள். புதிதாக ஒரே ஒரு கம்பி இழுக்க அடைப்பைக் குத்தித் துளைப்பார்கள். வேலை முடிந்ததும் அவசரம். துளை அப்படியே கிடக்கும். கூரைப் பலகைக்கு மேலே உள்ளதால் யார் கண்ணிலும் படாது. இந்த வேலைக்குப் போகும் மகனிடமோ தம்பியிடமோ கேளுங்கள்: “துளையை அடைக்கச் சாமான் கொடுத்தார்களா? அடைத்ததை யார் வந்து பார்த்தார்கள்?” கொடுக்கவில்லையென்றால் மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்குவது அவர் உரிமை.

கதவும் அப்படியே. தானாக மூடும் தீத்தடுப்புக் கதவுக்கு, காற்று வரட்டும் என்று கட்டையோ வாளியோ முட்டுக் கொடுப்பதுண்டு. அப்படித் திறந்து கிடப்பதைப் பயணியாகிய நீங்கள் கண்டால், நிலைய ஊழியரிடம் சொல்லிவிட்டு ரயில் ஏறுங்கள்.