பழைய காருக்கு மாற்று எஞ்சின்

கல்கத்தாவில் அம்பாஸடர் கார் வைத்திருக்கும் தமிழன்பர்கள் இன்றும் உண்டு. 2014-ல் உற்பத்தி நின்றுபோன அவ்வண்டிக்கு மாற்று எஞ்சின் வேண்டுமாயின் மல்லிக் பஜாரை நாடவேண்டியதுதான்.

கடைக்காரர் 1817 சி.சி. இசுஸு எஞ்சினைப் புகழ்வார். வலிமை மிக்கதே, ஆயினும் 1992-ல் தொழிற்சாலை அதனை ஐந்து கியர்ப் பெட்டியோடு சேர்த்தே பொருத்தியது. 1489 சி.சி. எஞ்சின் இருந்த இடத்தில் அதனைப் புகுத்தினால் செலவு பெருகும். பழைய வகையே மேல் என்பது என் கருத்து.

பெட்ரோல் பம்பையோ புதிதாகவே வாங்குங்கள். பழைய பம்பினுள் இருக்கும் சவ்வு கிழிந்திருந்தால் பெட்ரோல் எஞ்சினுள் இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்யும். பேரிங்குகள் தேய்ந்து, வாங்கிய எஞ்சினும் பாழாகும். ஆயில் அளவுக் கம்பியை முகர்ந்தாலே இக்குறை புலப்படும். இன்ஜெக்ஷன் வண்டியின் மின்சாரப் பம்பைப் பூட்டுவோரும் உளர். அது சதுர அங்குலத்துக்குச் சுமார் 40 பவுண்டு அழுத்தம் தருவது. கார்புரேட்டர் தாங்குவதோ நாலைந்து பவுண்டே. பெட்ரோல் பொங்கிச் சூடான எஞ்சின்மேல் வழிந்தால் தீப்பற்றவும் கூடும்.

மற்றொன்று: எஞ்சினின் எண் பதிவுச் சான்றில் உள்ளது. அதனை மாற்றிப் பதியவேண்டும். ஆதலின் எண் குறித்த ரசீது பெறாமல் பணம் கொடாதீர்கள்.